அட்வான்ஸுக்கு ஒரு பல்செட்

வீட்டுக்காரர் அட்வான்ஸ் விஷயத்துக்கு வந்தபோது பல்செட்காரர் தொகையைக் கவனிக்கவில்லை. பேசுகிறவரின் மேல் செட் மெதுவாகக் கீழே இறங்கி வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது தொழில் வியாதி. ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஒற்றை ஜன்னல் அறையில், இருபது வருஷமாக அவர் பல்செட் கட்டிக்கொண்டிருக்கிறார். தெருவில் எல்லாருக்கும் அவர் பல்செட்காரர்தான். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைப் பார்ப்பார், அப்புறம்தான் முகம். இதில் அவர் மனைவிக்குப் பழைய குறை ஒன்று உண்டு. முதல்முதலாகத் தன்னைப் பார்த்த அன்று மனுஷன் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கீழ் வரிசையில் ஒரு பல் லேசாகத் திரும்பியிருப்பதைத்தான் சொன்னார் என்று ஆள் கிடைத்தால் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

வீட்டுக்காரர் இடது கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "அட்வான்ஸ்..." என்றார். மேல் செட் டக்கென்று கீழ் செட்டின் மேல் உட்கார்ந்தது. அதற்கு மேல் முயற்சி செய்யாமல் வலது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

ஐந்து மாத வாடகை.

மனைவி பல்செட்காரரைப் பார்த்தாள். அவர்களிடம் இருந்த பணம் இரண்டு மாத வாடகைக்குத்தான் காணும்.

பக்கத்தில் வீட்டுக்காரம்மா ஆப்பிளைக் காகிதம் காகிதமாகச் சீவி ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். புருஷனுக்கு அதற்கு மேல் தடிமனாக இருந்தால் மெல்ல வராது. விரித்த விரல்களைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார். "தம்பி, அட்வான்ஸ் பத்தி நான் ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"அம்மா, இந்த செட் எங்க கட்டினது?" என்று பல்செட்காரர் குறுக்கே கேட்டுவிட்டார். அவரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்காரம்மா மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டார். "அது இருக்கும் ரெண்டு மூணு வருஷம். பழகிடுச்சு, விடுங்க."

வீடு அருமையான வீடு. இரண்டு அறை, சமையலறையில் பெரிய ஜன்னல், குழாயைத் திறந்தால் கையைத் தள்ளுகிற மாதிரி தண்ணீர். மகள் படிக்கும் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். வாடகையும் கட்டுப்படியாகும். அதில் இதற்கு முன்னால் குடியிருந்து வேலை மாற்றலில் போனவர் பல்செட்காரரின் பழைய வாடிக்கையாளர். தங்கமான ஓனர், வாயே திறக்கமாட்டார், கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று அவர்தான் அனுப்பிவைத்தார். வீடு அம்மா பேரில் இருக்கிறது, கையெழுத்து அவர் போடுவார், மற்றதெல்லாம் ஐயாவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம் என்றும் சொல்லியிருந்தார்.

வாசலுக்கு வந்ததும் மனைவி சொன்னாள். "அந்தம்மா அட்வான்ஸ் பத்தி ஏதோ சொல்ல வந்தாங்க. நீங்க நடுவுல போய்ப் பல்லைப் பிடிச்சுத் தொங்கினீங்க."

"நீ பாத்தியா அதை? பல்லா அது? வாய்க்குள்ள ஊஞ்சல் ஆடுது."

"நாம எங்க ஆடிக்கிட்டிருக்கோம்னு கொஞ்சம் பாருங்க."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர்கள் குடியிருந்த வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய ஓனர் கட்டடத்தை விற்றுவிட்டார். வாங்கியவர் மாதக் கடைசிவரை இருந்துகொள்ளுங்கள் என்று பெரிய மனசோடு சொன்னார். ஆனால் மேல்மாடி காலியாக இருந்ததால் அங்கே வேலையை ஆரம்பித்துவிட்டார். இவர்கள் கீழே. காலையில் காபித் தம்ளரைக் கையால் மூடிக்கொண்டு குடிக்க வேண்டியிருந்தது. இடிக்கிற மேஸ்திரி மரியாதை தெரிந்த ஆள். எதை உடைப்பதாக இருந்தாலும் முதல் நாளே வந்து சொல்லிவிடுவார். மாடிப்படியை எடுக்கப்போகிறோம் அக்கா, துணி காயப்போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள் என்பார். அடுத்த நாள் மாடிப்படி இருக்காது.

பழைய வீட்டு அட்வான்ஸில் பெயின்ட் செலவு என்று பெரிய தொகையைக் கழித்துக்கொண்டுதான் மீதியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

"இடிக்கப்போற வீட்டுக்கு எதுக்குங்க பெயின்ட்டு?" என்று மனைவி கேட்டாள்.

"அதையேதான் நானும் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அது வழக்கமாம்."

பல்செட்காரர் முதலில் பேங்குக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி நல்லபடியாக உட்காரவைத்துப் பேசினார். வீடு வாங்குவதற்குக் கடன் உண்டு, வீடு கட்டுவதற்கு உண்டு, கட்டின வீட்டைப் பெரிதாக்குவதற்கும் உண்டு. வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க மட்டும் இல்லை. முழு வீட்டையும் வாங்கப் பணம் தருவார்களாம், வாசலுக்குள் காலை வைக்கத் தரமாட்டார்களாம். பல்செட்காரர் அதிகாரியின் வாயைக் கவனித்தார். கடைவாய்ப் பல் ஒன்று போயிருந்தது. சொல்லவில்லை.

பிறகு தன் டாக்டரிடம் கேட்டார். இருபது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிளினிக்குக்குப் புது நாற்காலி வாங்கிய கடனே கழுத்தை நெரிக்கிறது என்று கொஞ்ச நேரம் தன் கஷ்டத்தைச் சொன்னார். அப்புறம் அவருக்கே ஒரு யோசனை வந்தது.

"எங்கிட்ட காசா கேக்காதீங்க, வேலையா கேளுங்க. அந்த ஆளோட செட்டு லூசுன்னு சொன்னீங்கல்ல? கூட்டிட்டு வாங்க. நான் சும்மா அளவு எடுத்துத் தரேன். நீங்க உள்பக்கம் புதுசா ஒரு பூச்சு குடுத்து டைட் பண்ணுங்க. கூலிக்குப் பதிலா அட்வான்ஸ்ல ஒரு மாசத்தைக் கழிச்சுக்கச் சொல்லுங்க."

பல்செட்காரருக்கு இது இரட்டைச் சந்தோஷம். ஒரு மாதம் குறையும். அந்த ஊஞ்சலும் நிற்கும். வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னதும் அவர் உடனே தலையாட்டினார். வீட்டுக்காரம்மாதான் வேண்டாம் வேண்டாம் என்றார். எதற்குத் தம்பி உங்களுக்குச் சிரமம், இந்த வயசில் அவர் யாரிடம் பேசப்போகிறார், ஆப்பிள் சீவுவது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை என்று என்னென்னவோ சொன்னார். எவ்வளவு அடக்கமான மனுஷி என்று பல்செட்காரர் நினைத்துக்கொண்டார்.

கிளினிக்கில் அந்த செட்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோது அவருக்கே ஆச்சரியம். பல் அடுக்கியிருந்த அழகு, ஈறு நிறத்தைப் பிடித்திருந்த விதம், எல்லாம் கை தேர்ந்த ஆளின் வேலை. உள்பக்கத்தில் மட்டும் சுற்றிலும் ஒரே சீராக இடைவெளி விட்டிருந்தது. தவறிப்போனால் ஒரு பக்கம் இடிக்கும், ஒரு பக்கம் தூக்கும். இப்படி அளந்து வைத்த மாதிரித் தவறாது. டாக்டரிடம் காட்டினார். ஈறு வற்றியிருக்கும், ஆராய்ச்சி பண்ணாமல் வேலையைப் பாருங்கள் என்றார் டாக்டர்.

வேலையைப் பார்த்தார். மாவு ஊற்றி அச்சு எடுத்து, பூச்சுக் கொடுத்து, வேகவைத்து, ராவி, பாலிஷ் போட்டு, சாயங்காலம் மாட்டினார். மேல் செட் அண்ணத்தில் கப்பென்று ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் தாடையிலிருந்து கையை எடுத்தார். கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்து, பிறகு மடியில் வைத்தார்.

புது செட் மாட்டினால் பேச்சுச் சரியாக வருகிறதா என்று பார்க்க எண்ணச் சொல்வது டாக்டரின் வழக்கம். "ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க ஐயா."

வீட்டுக்காரர் எண்ணினார். கணீரென்ற குரல். இவருக்கு இப்படி ஒரு குரலா என்று அறையில் எல்லாரும் பார்த்தார்கள். ஆறு, ஏழு, எட்டு என்று வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். பல்செட்காரர் பக்கம் திரும்பினார்.

"எட்டுன்னதும் ஞாபகம் வந்துச்சு. அட்வான்ஸ் எட்டு மாசம்."

"ஐயா, அன்னிக்கு அஞ்சுன்னீங்களே."

"நான் எங்க சொன்னேன்? ஒரு கை தாடையில இருந்துச்சு. மிச்சம் இருக்கிற கையில அஞ்சு விரல்தானே இருக்கு? எட்டை எப்படிக் காட்டுறது? சரி, பல்லுக்கு ஒண்ணு கழிச்சுக்கலாம். ஏழு குடுங்க."

மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரம்மா பெருமூச்சு விட்டார். சந்தோஷத்தில் விடுகிறார் என்று டாக்டர் நினைத்தார்.

வீட்டுக்கு வந்து இந்தக் கணக்கை மனைவியிடம் ஒப்பித்தார். அன்று மேஸ்திரி சமையலறை ஜன்னல் சட்டத்தை எடுத்துப் போயிருந்தார். அந்த ஓட்டை வழியாகத் தெருவில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அஞ்சை நாலாக்கப் போனீங்க. ஏழாக்கிட்டு வந்திருக்கீங்க. சரியா?"

"பல்லு ஆனா நல்லா உக்காந்திருச்சு" என்றார்.

"அதுல குடியிருக்க முடியுமான்னு அப்பாகிட்ட கேளும்மா" என்றாள் பத்தாவது படிக்கும் மகள். புத்தகத்தின் மேல் விழுந்த சுண்ணாம்பை ஊதிவிட்டு மறுபடி படிக்க ஆரம்பித்தாள்.

வேறு வழியில்லாமல் மனைவி தன் தம்பிக்குப் போன் போட்டாள். மச்சினன் பழைய கார் வாங்கி விற்கும் கமிஷன்காரன். கழுதையைக்கூடக் குதிரை என்று விற்றுவிடுவான், வாங்கியவன் நன்றி சொல்லிவிட்டுப் போவான். மூன்று மாத வாடகைப் பணம் நான் தருகிறேன், சௌகரியப்படும்போது திருப்பிக் கொடுங்கள் என்று உடனே சொன்னான். ஆனால் ஒரு நிபந்தனை. வீட்டுக்காரரிடம் தானே பேச வேண்டும்.

"மாமா, நீங்க பேசினா பல்லைப் பாப்பீங்க. நான் பேசினா ஆளைப் பாப்பேன். ஏழை நாலாக்கிட்டு வரேனா இல்லையான்னு மட்டும் பாருங்க."

அவன் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். விற்காமல் நின்றிருந்த பெரிய வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு, பணத்தையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பி வந்தான். முகத்தில் ஒரு தெளிவு.

"அருமையா பேசுறாரு மாமா அந்த மனுஷன்" என்றான். "இந்த லைன்ல எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். இப்படி ஒரு ஆளைப் பாத்ததில்ல."

"எவ்வளவுக்கு முடிச்சே?"

"ஒன்பது."

அக்கா எழுந்து நின்றாள். தம்பி ஒரு அடி பின்னால் நகர்ந்தான். அந்தக் காரைப் பார்த்துவிட்டு இவ்வளவு வசதியான குடும்பமா என்று அவர் கேட்டாராம். இல்லை என்று சொல்ல இவனுக்குத் தொழில் மரியாதை இடம் கொடுக்கவில்லையாம். நல்ல ஏரியா, நல்ல தண்ணீர், யோசித்துப் பார்த்தால் ஒன்பது நியாயம்தான் என்று இப்போது இவனுக்கே தோன்றுகிறதாம்.

"சரி, தொலையட்டும். அந்த மூணு மாசப் பணத்தையாவது எடு" என்றாள் அக்கா.

மச்சினன் சட்டைப் பையைத் தடவினான். அது தட்டையாக இருந்தது.

"அக்கா, அவங்க வீட்டுக்குப் பின்னால ஒரு ஷெட் இருக்கு. சும்மாதான் கிடக்கு. கார் நிறுத்த எனக்கும் இடம் வேணும்ல? அவரு எடுத்துச் சொன்ன விதத்துல... அதுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்."

பல்செட்காரர் அந்தத் தட்டையான பையையே பார்த்தார். ஆனாலும் மனசின் ஒரு ஓரத்தில், இவ்வளவு பேசியும் பல் நகரவில்லையே என்று ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. நல்லவேளை, அதை வெளியே சொல்லவில்லை.

அடுத்ததாக மனைவியே களத்தில் இறங்கினாள். அவள் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். கடையில் வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு, தேவைப்படுகிறவர்களுக்குக் கடன் கொடுத்துக்கொள்வார்கள். அதற்குத் தலைவி கேஷியர் அக்கா. சிரிப்பு, கோபம் எல்லாவற்றையும் எண்ணித்தான் செலவு செய்வாள். மனைவி விஷயத்தைச் சொன்னதும், வீட்டு அட்வான்ஸுக்குத்தானே, நல்ல காரியம், கொடுக்கலாம் என்றாள். பணம் வேறெதற்கும் போகக்கூடாது, அதனால் ஓனரிடம் போனில் ஒரு வார்த்தை உறுதி செய்துகொள்கிறேன் என்று நம்பரை வாங்கிக்கொண்டாள்.

ஒரு வார்த்தை என்றுதான் போன் செய்தாள். கடையில் கூட்டம் வந்து, பில் கட்ட வரிசை நின்று, வரிசை வாசல்வரை போனது. கேஷியர் அக்கா போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். முதலில் சிரித்துக்கொண்டிருந்தாள், பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள், கடைசியில் போனைக் காதிலிருந்து எடுத்து அதையே முறைத்துப் பார்த்தாள்.

"என்னக்கா சொன்னாரு?"

"நம்ம வட்டி அதிகமாம். சேமிப்புப் பணத்தை வெச்சிக்கிட்டு நாம தப்பாக் கணக்குப் போடுறோமாம். எனக்கே வகுப்பு எடுக்குறாரு. பதினாறு வருஷமா கல்லாவுல உக்காந்திருக்கேன், எனக்கு." கேஷியர் அக்கா கல்லாவைச் சாத்தினாள். "அவ்வளவு கணக்கு தெரிஞ்ச மனுஷன்கிட்டயே கடன் வாங்கிக்கோ தாயி. இங்க கிடையாது."

அன்றைக்குச் சாயங்காலம் மேஸ்திரி கதவைத் தட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நாளைக்கு எல்லாரும் குளித்து முடித்ததும் ஒரு குரல் கொடுங்கள் அக்கா, குளியலறைச் சுவரை எடுக்கணும் என்றார். இனிமேல் எங்கே குளிப்பது என்று மனைவி கேட்டாள். அவருக்கே அது சங்கடமாகத்தான் இருந்தது. வேண்டுமானால் அந்தச் சுவரைக் கடைசியாக எடுக்கிறேன், ஆனால் கூரை போய்விடும் என்றார்.

மேஸ்திரி போன பிறகு மனைவி கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் சத்தம் போடவில்லை. அதுதான் பல்செட்காரருக்குப் பயமாக இருந்தது.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தாளு வாயில நீங்க கையை வெக்கறதுக்கு முன்னாடி நமக்கு மூணு மாசம்தான் குறைஞ்சுது. இப்ப ஏழு குறையுது. பொண்ணுக்குப் பரீட்சை வருது. அவ குடை பிடிச்சிக்கிட்டு உக்காந்து படிக்கிறா. நாம எங்க போறது?"

மகள் உண்மையிலேயே குடை பிடித்துக்கொண்டுதான் படித்துக்கொண்டிருந்தாள். மழைக்கு இல்லை, மேலேயிருந்து உதிரும் காரைக்கு. அப்பா தன்னையே பார்ப்பதைக் கவனித்து, "பரவாயில்லப்பா, வெளிச்சம் இப்ப நல்லா வருது" என்றாள்.

அது சுருக்கென்று தைத்தது.

மறுநாள் வேலையில் அவருக்குக் கை ஓடவில்லை. கூட வேலை செய்கிற மாவுக்காரர், அதாவது அச்சுக்கு மாவு கரைத்து ஊற்றுகிறவர், என்ன ஏது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னார். மாவுக்காரர் கையில் ஒட்டியிருந்த வெள்ளையைத் துடைத்துக்கொண்டே ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"வியாதியும் உங்க கையில இருக்கு, மருந்தும் உங்க கையில இருக்கு. உள்பக்கம் ரெண்டு இழுப்பு ராவி விடுங்க. மறுபடி தாடையைப் பிடிச்சுக்கிட்டு அஞ்சு விரலைக் காட்டட்டும்."

பல்செட்காரர் அப்படியே நின்றுவிட்டார். யாரோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு. இருபது வருஷத்தில் அவர் கையிலிருந்து லூசாக ஒரு செட் வெளியே போனதில்லை. பல் இல்லாமல் வந்து, கண்ணாடியில் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர். சரியாக உட்கார்ந்த பல்லைத் தெரிந்தே கெடுப்பதா?

"நாளைக்கு ஒரு ஆள் என்னைப் பாத்து, இவன் கட்டின பல்லு விழுதுன்னு சொன்னா?"

"உங்க வீடே விழுதே, அதுக்கு என்ன சொல்றாங்க?" என்றார் மாவுக்காரர்.

சொல்லி வைத்த மாதிரி அப்போதே போன் வந்தது. வீட்டுக்காரர்தான். கீழ் செட் ஒரு இடத்தில் ஈறைக் குத்துகிறது, வந்து பார்த்துவிட்டுப் போக முடியுமா, அப்படியே அட்வான்ஸ் விஷயத்தையும் முடித்துவிடலாம் என்றார். பேச்சு நிறுத்தி நிதானமாக, அழகாக வந்தது. பேச ஆள் வேண்டும் என்று அவர் இப்போதெல்லாம் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறார் என்று கேள்வி.

பல்செட்காரர் சின்ன ராவும் மெஷினையும் உப்புக் காகிதத்தையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மாவுக்காரர் கண்ணைச் சிமிட்டி, "ரெண்டே இழுப்பு" என்றார்.

வழியெல்லாம் அவருக்குள் சண்டை. பஸ்ஸில் உட்கார்ந்து மகளின் குடையை நினைத்தார். இறங்கி நடக்கும்போது கண்ணாடியில் சிரித்தவர்களை நினைத்தார். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்தார். முகம் வாடிப்போயிருந்தது, கண்ணுக்குக் கீழே கறுப்பு. உடம்பு சரியில்லையா அம்மா என்று கேட்டதற்கு, தூக்கம் இல்லை தம்பி என்றார். உள்ளேயிருந்து வீட்டுக்காரரின் குரல் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. போனில் யாரையோ பிடித்து வைத்திருந்தார்.

செட்டைக் கழற்றிப் பல்செட்காரர் கையில் கொடுத்தார்கள். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து மெஷினை ஓடவிட்டார். மேல் செட்டையும் ஒரு பார்வை பார்க்கிறேன் என்று அதையும் வாங்கிக்கொண்டார். உள்பக்கம் பளபளவென்று இருந்தது. இரண்டே இழுப்பு. யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரம்மா கதவோரம் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த மாதிரி இருந்தது.

மெஷின் முனை மேல் செட்டின் பக்கத்தில்வரை போனது. அங்கேயே நின்றது. பிறகு கீழ் செட்டுக்குத் திரும்பி, குத்துகிற அந்த ஒரு புள்ளியை மட்டும் பூப்போல எடுத்துவிட்டது.

அவரால் முடியவில்லை. அவ்வளவுதான்.

பல்லை மாட்டிக்கொண்ட வீட்டுக்காரர் கிண்ணத்திலிருந்த வேர்க்கடலையில் ஒரு கை அள்ளி வாயில் போட்டு நொறுக்கினார். முகம் மலர்ந்தது. இப்போதுதான் சொந்தப் பல் மாதிரியே இருக்கிறது, இருபது வயசு குறைந்துவிட்டது என்றார். பிறகு சாய்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. விருந்தாளி வந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். மகள் சத்தம் போட்டுப் படிக்கக்கூடாது, ஆனால் படிக்காமலும் இருக்கக்கூடாது, சாயங்காலம் தன்னிடம் வந்தால் தானே பாடம் சொல்லித்தருவார். அட்வான்ஸைப் பொறுத்தவரை, நன்றாக யோசித்துவிட்டார்.

"பத்து. ரவுண்டா இருக்கும்."

"ஐயா, ஒன்பதே எங்களால..."

"உங்க மச்சினரு நல்ல வசதி. அவரைக் கேளுங்க. இல்லைன்னா நாளைக்கு வேற ஒருத்தர் வீடு பாக்க வராரு. நமக்குள்ள பழக்கமாயிடுச்சு, அதனால உங்களுக்கு நாளைக்குக் காலையில வரைக்கும் டைம்."

பல்செட்காரர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வேறு என்ன செய்ய? பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். உள்ளே வீட்டுக்காரர் அடுத்த போனைப் போட்டுவிட்டது கேட்டது.

கேட்டைத் திறக்கப்போன நேரம் பின்னால் செருப்புச் சத்தம். வீட்டுக்காரம்மா வேகமாக வந்துகொண்டிருந்தார். ஒரு தடவை திரும்பி ஜன்னலைப் பார்த்துவிட்டு, அவரைக் கேட்டுக்கு இந்தப் பக்கம் மறைவாக இழுத்தார்.

"உங்க கையில எவ்வளவு இருக்கு தம்பி?"

"ரெண்டு மாசத்துக்குத்தான் இருக்கும்மா. அதுக்கு மேல எங்க முட்டியும் கிடைக்கல."

"ரெண்டு போதும். வீடு என் பேர்லதான இருக்கு? அன்னிக்கே அதைத்தான் சொல்ல வந்தேன், நீங்க பல்லைப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டீங்க. நாளைக்கே சாமான் கொண்டு வந்துடுங்க. உங்க மச்சினரோட ஷெட்டுப் பணமும் எங்கிட்ட பத்திரமா இருக்கு, வாங்கிக்கச் சொல்லுங்க."

பல்செட்காரர் கையைக் கூப்பினார். குடையை மடக்கி வைக்கலாம் என்று மகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். "அம்மா, இதுக்கு நான் என்ன கைம்மாறு..."

"ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. அந்தப் பல்லை முன்ன இருந்த மாதிரியே ஆக்கிக் குடுத்துடுங்க."

அவர் கூப்பிய கையை இறக்கிவிட்டார். எங்கே இருந்து வந்ததென்று தெரியாத ஒரு ரோஷம் வந்துவிட்டது. "அது மட்டும் கேக்காதீங்கம்மா. வீடு இல்லாட்டியும் பரவாயில்ல. ஈறு, பல்லு எல்லாம் அவ்வளவு நேர்த்தியா பண்ணிட்டு, உள்பக்கம் மட்டும் சுத்தியும் இடைவெளி விட்டு எவனோ தப்பாக் கட்டியிருக்கான். அந்தத் தப்பை நான் வேற ஒரு தடவை பண்ணணுமா?"

வீட்டுக்காரம்மா மறுபடி ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தார். உள்ளே குரல் ஏறிக்கொண்டே போனது. அவர் பல்செட்காரரின் காதுக்குப் பக்கத்தில் வந்து, இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"தப்பு இல்ல தம்பி, லூசா கட்டச் சொல்லித் தனியா காசு குடுத்ததே நான்தான்."